கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா?

வாசகர் கேள்வி – பதில்

வலிப்பு போலவே வரும், ஆனால் வலிப்பு நோய் அல்ல. செயல்பாட்டு வலிப்பு எனப்படும் அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்கள் அவசர சிகிச்சை, நரம்பியல் மருத்துவர்களுடையவை.

என் மகளுக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டு முறை ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சி.டி. ஸ்கேன், ஈ.ஈ.ஜி. (மூளையலைப் பதிவு) எல்லாம் நார்மல். டியூட்டி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஹிஸ்டீரியா. கண்டுக்காம விட்டா சரியாயிடும்" என்றார். அவள் நடிக்கிறாளா?
– ஒரு தாய், தேனி மாவட்டம்

நடிக்கவில்லை. பயத்தில் நமக்குக் கை நடுங்குகிறது. நாம் கையை நடுக்குவதில்லை. நடுங்குவதும் நடுக்குவதும் வேறு வேறு என்று நம் மொழிக்கே தெரியும். உங்கள் மகளுக்கு நடப்பது முதல் வகை.

வலிப்பு நோயில் மூளை செல்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல் மின்துடிப்பை வெளிவிடுகின்றன. உங்கள் மகளுக்கு அந்த மின்புயல் இல்லை. உடலையும் தன்னுணர்வையும் சேர்த்து நடத்தும் மூளையின் வேலை சிறிது நேரம் கழன்றுகொள்கிறது. அந்த நேரத்தில் உடல் தானாக உதறும், சிலருக்குத் துவண்டு கிடக்கும். இதைச் செயல்பாட்டு வலிப்பு, ஃபங்ஷனல் சீஷர் என்கிறோம். பழைய கேஸ் ஷீட்டுகளில் 'சூடோ சீஷர்' (போலி வலிப்பு), 'எச்.சி.ஆர்.' (ஹிஸ்டீரிகல் கன்வர்ஷன் ரியாக்‌ஷன்) என்று எழுதியிருப்பார்கள். இரண்டுமே இன்று கைவிட வேண்டிய பெயர்கள். 'ஹிஸ்டீரியா' என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது என்றாலும் ஆண்களுக்கும் வரும்.

"ஒண்ணும் இல்ல" என்பதும் தவறு. அவளுக்கு ஒரு நோய் இருக்கிறது, அதற்குப் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. ஆனால் சி.டி.யும் ஈ.ஈ.ஜி.யும் நார்மல் என்ற ஒரே காரணத்துக்காக இந்த முடிவுக்கு வரக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறது.

இன்னொன்று. "மனசுல என்ன வெச்சிருக்க, சொல்லு" என்று அவளைக் குடைய வேண்டாம். சிலருக்குப் பழைய காயமோ பெரிய மன அழுத்தமோ பின்னணியில் இருக்கும், சிலருக்கு அப்படி எதையும் சுட்டிக்காட்ட முடியாது. சொல்ல எதுவும் இல்லாத பிள்ளையிடம் தோண்டிக்கொண்டே இருந்தால் வீடு விசாரணைக்கூடமாகிவிடும்.

கேஷுவாலிட்டியில் ஆள் உதறிக்கொண்டிருக்கும்போது, இது எந்த வகை என்று முதல் ஐந்து நிமிடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?
– பயிற்சி மருத்துவர், மதுரை

முதல் இரண்டு நிமிட வேலை எல்லா வலிப்புக்கும் ஒன்றுதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டுங்கள், குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம். சர்க்கரை 60-க்குக் கீழே என்றால் மற்ற யோசனை எல்லாம் பிறகு. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. ஏற்றுங்கள். 20 வாரம் தாண்டிய கர்ப்பிணியோ பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவரோ என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது எக்லாம்ப்ஸியா, அதாவது கர்ப்பகால ரத்த அழுத்த நோயால் வரும் வலிப்பு. மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் ஐ.வி.யில் மெதுவாக, பிறகு பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம். இதயத் துடிப்பு தடுமாறி மயங்கி விழுபவர்களும் சில நொடி உதறுவார்கள் என்பதால் ஒரு ஈ.சி.ஜி. கட்டாயம்.

இதெல்லாம் கை பாட்டுக்கு நடக்கட்டும். கண்ணுக்குத் தனி வேலை இருக்கிறது.

முதலில் நோயாளியின் கண்ணைப் பாருங்கள். வலிப்பு நோயின் பெரிய வலிப்பில் கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும், பார்வை நிலைகுத்தியோ மேலே செருகியோ. செயல்பாட்டு வலிப்பில் பெரும்பாலும் மூடியிருக்கும். இமையை மெல்லத் தூக்கினால் இறுக்கிக்கொள்ளும். மெல்ல என்பதை அடிக்கோடிடுங்கள். கட்டைவிரலால் நெம்பிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது.

அடுத்து தாளம். நம் அனுபவத்தில் மிகவும் குறைவாகக் கவனிக்கப்படும் அறிகுறி இதுதான். வலிப்பு நோயில் முதலில் உடல் விறைக்கும், பிறகு வேகமாக வெட்டும், போகப் போக வெட்டுகளுக்கு இடையிலான இடைவெளி நீளும். கடைசி நான்கைந்து வெட்டுகள் பெரிதாகவும் விட்டுவிட்டும் வந்து ஓய்ந்துவிடும். ஓடிவந்த ரயில் பெட்டி தண்டவாள இணைப்புகளில் தடதடத்து, தட்… தட்… என்று தளர்ந்து நிற்பது போல. செயல்பாட்டு வலிப்பில் அந்தத் தளர்ச்சி இருக்காது. தொடக்கத்தில் இருந்த வேகமே கடைசிவரை இருக்கும். நடுவில் சட்டென்று நிற்கும், அரை நிமிடம் கழித்து மறுபடி தொடங்கும், கூடும், குறையும். வலது கை ஒரு தாளத்திலும் இடது கால் வேறொரு தாளத்திலும் போகலாம். "வேண்டாம், வேண்டாம்" என்பது போலத் தலை இடமும் வலமும் ஆடுவதும் செயல்பாட்டு வலிப்புக்கான சான்று.

பிறகு நேரம். வலிப்பு நோயின் பெரிய வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்குவதே வழக்கம். ஏறி இறங்கிப் பத்து, இருபது நிமிடம் நீண்டும் ஆக்ஸிஜன் அளவு 98-லேயே நிற்கிறது என்றால் யோசியுங்கள்.

நின்ற பிறகு மூச்சைக் கேளுங்கள். உண்மையில் கேட்கத்தான் வேண்டும். வலிப்பு நோய்க்குப் பின் ஆழமான, குறட்டை போன்ற உரத்த மூச்சு சில நிமிடம் ஓடும், ஆள் குழம்பிக் கிடப்பார். செயல்பாட்டு வலிப்புக்குப் பின் மூச்சு வேகமாக, மேலோட்டமாக, சத்தமில்லாமல் இருக்கும். சிலர் அழுவார்கள். உதறல் நடந்துகொண்டிருக்கும்போதே காதருகில் "யானை" என்று ஒரு சொல்லைச் சொல்லி வையுங்கள். இரண்டு கை கால்களும் உதறும் வலிப்பில் அந்தச் சொல் பிறகு நினைவுக்கு வந்தால் அது கனமான தடயம். வராவிட்டால் எதுவும் தீர்மானமாகாது.

எவற்றை நம்பக் கூடாது? சிறுநீர் போனது, அடிபட்டது, ஆட்கள் இருக்கும்போதுதான் வந்தது: மூன்றும் இரு பக்கமும் நடக்கும். நாக்கில் கடி இருந்தால் எங்கே என்று பாருங்கள். பக்கவாட்டில் ஆழமாக இருந்தால் வலிப்பு நோய் பக்கம் சாயும், நுனியில் இருந்தால் எதுவும் சொல்லாது. இடுப்பை முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதைப் பார்த்து உடனே "ஃபங்ஷனல்" என்று முத்திரை குத்துபவர்கள் உண்டு. மூளையின் முன்பகுதியான நெற்றிமடலில் தொடங்கும் வலிப்பு நோயும் அப்படித்தான் இருக்கும்: கத்தல், கைகால் வீச்சு, இடுப்பு அசைவு, எல்லாம். அது பெரும்பாலும் தூக்கத்தில் வரும், அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் முடியும், ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்.

ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும். பெரிய வலிப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் லாக்டேட் (தசைகள் கடுமையாக உழைக்கும்போது சேரும் பொருள்) உயர்ந்திருந்தால் வலிப்பு நோய்க்கு ஆதரவு. ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கு 10 முதல் 20 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் பயன், அதுவும் அவரவர் சாதாரண அளவோடு ஒப்பிட்டு. நம் கேஷுவாலிட்டி நெரிசலில் அந்த நேரத்துக்கு ரத்தம் எடுப்பது அரிது, மயக்கத்திலும் அது உயரும் என்பதால் பெரிய இழப்பில்லை.

எந்த ஒரு அறிகுறியும் தனியாக நிற்காது, இரண்டு மூன்று சேர்ந்தால்தான் எடை. செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் 100-க்கு 10 முதல் 20 பேருக்கு வலிப்பு நோயும் கூடவே இருக்கும். நேற்று வந்தது ஒன்று, இன்று வந்திருப்பது மற்றொன்றாக இருக்கலாம்.

இரண்டு முறை லோராசெபாம் (வலிப்பை அடக்கும் ஊசி) போட்டாயிற்று, இன்னும் நிற்கவில்லை. அடுத்த மருந்து, ட்யூப், ஐ.சி.யூ. என்று போய்க்கொண்டே இருக்கிறோம். எங்கே நிறுத்தி யோசிப்பது?
– செவிலியர், தனியார் மருத்துவமனை, திருச்சி

சந்தேகம் தீரவில்லை, ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது என்றால் வலிப்பு நோயாகவே வைத்து மருந்து கொடுப்பது சரி. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. லோராசெபாம் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தவணைக்கு 4 மி.கி.யைத் தாண்டாமல், தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஐ.வி. கிடைக்கவில்லையா? மிடாசோலம் தசையில்: 40 கிலோவுக்கு மேல் 10 மி.கி., 13 முதல் 40 கிலோவுக்கு 5 மி.கி. பயந்துகொண்டு 1 மி.கி., 2 மி.கி. என்று சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதில்தான் இரு பக்கமும் நஷ்டம். உண்மையான வலிப்புக்கு அது போதாது. செயல்பாட்டு வலிப்புக்கோ கணக்கில்லாமல் ஏறிக்கொண்டே போகும். 108 வண்டியிலும் முந்தைய ஆஸ்பத்திரியிலும் கொடுத்ததையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம், இரண்டாவது தவணைக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு நிமிடம். கண் மூடியிருக்கிறதா? தாளம் மாறாமல் இருக்கிறதா? நடுவில் நின்று தொடங்கியதா? லாக்டேட் என்ன? பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது? இவ்வளவையும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மருந்து கிலோவுக்கு 60 மி.கி., அதிகபட்சம் 4500 மி.கி. ஏற்றலாம். குறி தப்பினாலும் மூச்சை அடக்காத மருந்து என்பதால் எங்கள் முதல் தேர்வு அதுதான். தயங்க வேண்டியது அதற்கு அடுத்த படியில்: மிடாசோலம் தொடர் சொட்டு, ட்யூப், வென்டிலேட்டர்.

இந்தத் தவறு எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. முதல் மருந்துக்கு அடங்காத நீடித்த வலிப்புக்கு மூன்று மருந்துகளை ஒப்பிட்ட 'ஈசெட்' என்ற அமெரிக்க ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது செயல்பாட்டு வலிப்பு என்று பிறகு தெரியவந்தது. நல்ல வசதியுள்ள அவசரப் பிரிவுகளிலேயே இந்த நிலை.

நாம் சிக்கிக்கொள்ளும் கண்ணிகள் இரண்டு. ஊசி போட்டதும் நின்றது என்பதால் அது வலிப்பு நோய் ஆகிவிடாது; தூக்க மருந்துக்கு யாருடைய உதறலும் சற்று அடங்கும். மூன்றாவது ஊசிக்குப் பின் ஆக்ஸிஜன் 85-க்கு இறங்கினால், அது வலிப்பு முற்றியதாலா, நாம் கொடுத்த மருந்தாலா என்று கேளுங்கள். மருந்தால்தான் என்றால் பலூனைப் பிடித்து மூச்சுக்குத் துணை கொடுத்துக் காத்திருந்தாலே போதுமா என்று பார்க்கலாம். மூச்சுப்பாதை காக்கப்படவில்லை என்றால் ட்யூப் போடத்தான் வேண்டும், அதில் விவாதம் இல்லை. உங்கள் குறிப்பேட்டில் தொடங்கிய நேரம், ஒவ்வொரு ஊசியின் நேரம், அப்போது கண் எப்படி இருந்தது என்ற மூன்றும் இருந்தால் மறுநாள் வரும் நரம்பியல் மருத்துவருக்கு அது பொக்கிஷம்.

கையில் சாவி கொடுப்பது, வெங்காயத்தை மூக்கில் வைப்பது பலன் தருமா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. பெரிய வலிப்பு தானாகவே ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். சாவியைத் தேடி எடுத்துவர ஆகும் நேரமும் அதுதான், அதனால் பெயர் சாவிக்குப் போய்விட்டது. சூடத்தை முகர வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சூடமும் நீலகிரித் தைலமும் உள்ளே போனால் அவையே வலிப்பை வரவழைக்கும்.

ஆஸ்பத்திரிக்குள்ளும் நம்மிடம் சாவிகள் உண்டு. நெஞ்செலும்பில் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது, அமோனியா பஞ்சு, "இது பெரிய ஊசி" என்று சொல்லி வெறும் டிஸ்டில்டு வாட்டர் போடுவது. நினைவு மட்டத்தை அறிய ஒரு முறை வலி கொடுத்துப் பார்ப்பது வேறு. 'எழுப்பிக் காட்டுகிறேன் பார்' என்று கன்றிப்போகும்வரை தேய்ப்பது வேறு. இவர்களில் பலருக்கு உடம்பு அசையாவிட்டாலும் சுற்றிப் பேசுவது காதில் விழுந்துகொண்டிருக்கும். தண்ணீர் ஊசி ஏமாற்று என்று தெரிந்த நாளிலிருந்து அவர் எந்த மருத்துவரையும் நம்ப மாட்டார்.

தம்பிக்கு ஈ.ஈ.ஜி. நார்மல். ஆனால் வலிப்பு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வரும்போது செல்போனில் வீடியோ எடுக்கச் சொன்னார்கள். எப்படி எடுப்பது?
– வாசகி, சேலம்

சாதாரண ஈ.ஈ.ஜி. 20, 30 நிமிடப் பதிவு. அதுவும் வலிப்பு இல்லாத நேரத்தில் எடுப்பது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி. நார்மலாக வரும். உதறும் நேரத்திலேயே மூளையலையையும் உடலையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி.தான் உறுதியான சோதனை. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் போன்ற மையங்களில் நாள் கணக்கில் படுக்க வைத்து எடுப்பார்கள். அதற்கு முன்னால் உங்கள் போன்தான் ஆயுதம்.

இருவர் வேண்டும். ஒருவர் தம்பியைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் படம் எடுக்க. விளக்கைப் போடுங்கள், போர்வையை விலக்குங்கள். முதல் பதினைந்து நொடி தலை முதல் கால்வரை முழு உடல், பிறகு முகம், கண் தெளிவாகத் தெரிய, மறுபடி முழு உடல். ஒலியை அணைக்காதீர்கள், மூச்சுச் சத்தம் அதில்தான் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு சொல்லைச் சொல்லி வையுங்கள். எல்லோரும் செய்யும் தவறு, உதறல் நின்றதும் போனை வைத்துவிடுவது. நின்ற பிறகு இரண்டு நிமிடம் ஓடட்டும். மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும்கூட, அனுப்பாதீர்கள்.

நின்ற பிறகு நோயாளியிடம் என்னதான் சொல்வது? "மனநல டாக்டரைப் பாருங்கள்" என்றாலே சண்டைக்கு வருகிறார்கள்.
– அவசரப் பிரிவு மருத்துவர், கோவை

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னால் சண்டை வரத்தான் செய்யும். முதலில் பெயர், பிறகு காரணம், அதற்குப் பிறகே அனுப்பும் இடம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"உங்களுக்கு வந்ததை நான் பார்த்தேன். பயமாக இருந்திருக்கும். இதற்குப் பெயர் செயல்பாட்டு வலிப்பு. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கண் மூடியிருந்தது, நடுவில் நின்று மறுபடி வந்தது, ஆக்ஸிஜன் குறையவில்லை. இதையெல்லாம் வைத்துத்தான் சொல்கிறேன், ரிப்போர்ட் நார்மல் என்பதால் இல்லை. வலிப்பு மாத்திரை இதற்கு வேலை செய்யாது. மூளை இதைப் பழகிக்கொண்டது போல, விடுபடவும் பழக்கலாம். நரம்பியல் மருத்துவர் உறுதி செய்வார், அந்தப் பயிற்சியை மனநலப் பிரிவில் தருவார்கள்."

இரண்டு நிமிடம் ஆகாது. பெயரும் விளக்கமும் கிடைத்த பிறகே சிலருக்கு வலிப்பு குறைந்துவிடுகிறது. உறுதியாகத் தெரியாதபோது "அப்படி இருக்கலாம், வீடியோ பார்த்து முடிவு செய்வோம்" என்று நிறுத்துங்கள். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டியவை இரண்டு: வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா. மாமியார் கட்டிலருகே நிற்கும்போது இதற்கு உண்மைப் பதில் வராது. பெண்கள் உதவிக்கு 181, மனநல உதவிக்கு 14416 என்ற எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

சிகிச்சையைப் பற்றி மிகைப்படுத்தவும் வேண்டாம். 368 பேரை வைத்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் நடந்த 'கோட்ஸ்' ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. சி.பி.டி. என்ற உளவியல் பயிற்சி பெற்றவர்களுக்கு ஓராண்டின் முடிவில் மாதாந்திர வலிப்பு எண்ணிக்கை, மற்றவர்களைவிட உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வலிப்பே வராத நாட்களின் தொடர்ச்சி நீண்டது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. வேலைக்கும் கல்லூரிக்கும் திரும்ப வேண்டியவருக்கு அது சின்ன விஷயமில்லை.

செயல்பாட்டு வலிப்பு என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. க்ளோபசாம், ஃபீனோபார்பிடோன் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அந்த நிறுத்தமே உண்மையான வலிப்பைக் கொண்டுவரும். வலிப்பு நோயும் சேர்ந்து இல்லை என்று உறுதியான பிறகு மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். குழந்தை பெறும் வயதுப் பெண் வால்ப்ரோயேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். கருவுக்குக் குறைபாடு உண்டாக்கும் மருந்து அது.

விடுதியில் ஒரு மாணவிக்கு இது அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் 108-ஐக் கூப்பிடுவதா?
– விடுதிக் காப்பாளர், திருநெல்வேலி

நரம்பியல் மருத்துவர் உறுதி செய்து எழுதிக் கொடுத்திருந்தால், வழக்கமான வடிவில் வரும் ஒவ்வொன்றுக்கும் தேவையில்லை. தரையில் படுக்க வைத்து, தலைக்கடியில் துப்பட்டாவை மடித்து வையுங்கள். கைகாலைப் பிடித்து அமுக்க வேண்டாம், பிடிக்கப் பிடிக்க உதறல் கூடும். வாயில் எதையும் வைக்காதீர்கள். கூட்டத்தைக் கலையுங்கள், ஒரே ஒருவர் மட்டும் தணிந்த குரலில், "நான் பக்கத்துல இருக்கேன், இது போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும். வரப்போவது சிலருக்கு முன்கூட்டியே தெரியும்: தலை கிறுகிறுப்பு, விரல் நுனி மரப்பு, சுற்றியிருப்பதெல்லாம் தூரமாகப் போவது போன்ற உணர்வு. அந்தக் கணத்தில் வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், ஈரத்துணியையோ ஐஸ் கட்டியையோ கையில் கொடுங்கள், கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

உதடு நீலமானால், தலையில் அடிபட்டால், தூக்கத்திலிருந்து வந்தால், காய்ச்சலோடு வந்தால், எதையாவது குடித்திருப்பாள் என்ற ஐயம் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், அல்லது வழக்கமானது போல இல்லை என்று உங்களுக்கே பட்டால், உடனே 108. வண்டியில் ஏற்றும்போது மருத்துவரின் கடிதத்தின் நகலையும் அன்றைய வீடியோ உள்ள போனையும் கூடப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.